பொய்க்கு விழாத அடி உண்மைக்கு விழுந்தது: ஏழு வயதுப் பிள்ளையிடம் நேர்மையையும் பொறுப்பையும் வளர்ப்பது எப்படி?

உவர்மலைத் தாய்

எல்லோருக்கும் வணக்கம். தரம் 2இல் படிக்கும் என் மகனைப் பற்றியும், அவனைவிட என்னைப் பற்றியும், உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் கடைக்குப் பாணும் அரைக் கிலோ சீனியும் வாங்கிவர அவனை முதல் தடவையாகத் தனியே அனுப்பினேன். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் மடித்துக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது மிச்சக் காசில் அறுபது ரூபாய் குறைந்தது. கேட்டதற்கு, "கடைக்கார ஐயா அவ்வளவுதான் தந்தவர்" என்றான். நான் மறுயோசனை இல்லாமல் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், நான்கைந்து பேர் நின்ற இடத்தில், சின்னப் பிள்ளைதானே என்று மிச்சத்தைக் குறைத்துக் கொடுப்பது நியாயமா என்று கேட்டுவிட்டேன். அந்த முதியவர் என்னோடு வாதாடவில்லை. மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து அறுபது ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார்.

மறுநாள் உடுப்புத் தோய்க்கும்போது அவனுடைய காற்சட்டைப் பையில் ஆறு டொபிக் கடதாசிகள் இருந்தன. ஒவ்வொன்றும் மடித்து மடித்துக் கடலை அளவுக்கு இறுக்கி உருட்டப்பட்டிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் கூட்டாளி தந்தது என்றான். பிறகு நிலத்தில் கிடந்தது என்றான். மூன்றாம் தடவை, தெரியாது என்றான். நான்காம் தடவை கடதாசிகளை அவனுடைய உள்ளங்கையில் வைத்தேன். "நான்தான் அம்மா வாங்கினேன், அந்தக் கடையிலதான்" என்றான். அந்தச் சொல் முடிவதற்குள் என் கை விழுந்துவிட்டது.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. பொய் சொன்ன மூன்று தடவையும் நான் அடிக்கவில்லை; உண்மையைச் சொன்ன தடவையே அடித்தேன். இப்போது நான் எதைக் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன் அவன் என் கையைப் பார்க்கிறான். கணவர் இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும் என்கிறார். மாமியோ டொபிக்கு ஆசைப்பட்ட பிள்ளையை இப்படி வாட்டுவதா என்கிறார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெரியவரின் அறுபது ரூபாய் இன்னும் என் பணப்பையில் இருக்கிறது. டொபியை விற்றவரே அவர்தான். எல்லாம் தெரிந்தும் ஏன் ஒன்றும் சொல்லாமல் காசைத் தந்தார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

வணக்கம் மகள். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆரம்பப்பிரிவு வகுப்புகளில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அடித்துவிட்டேனே என்று வருந்தும் தாய்மார் பலரைக் கண்டிருக்கிறேன். எந்த வேளையில் அடித்தோம் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள்.

முதலில் உங்கள் மகனின் கணக்கை அவனுடைய இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஜோன் பியாஜே என்ற சுவிற்சர்லாந்து உளவியலாளர் பிள்ளைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிப் பெற்ற விடைகளை 1932இல் வெளியிட்டார். ஒரு பையன், பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் கதவைத் திறந்து பதினைந்து கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் தாய் இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யாருடைய பிழை பெரிது என்று கேட்டபோது சிறிய பிள்ளைகள் பலர் பதினைந்து கோப்பைகளை உடைத்தவனையே காட்டினார்கள். அந்த வயதில் பிழையின் அளவு என்பது கண்ணால் காணும் சேதத்தின் அளவாகவே இருக்கிறது. உங்கள் மகனின் கணக்கில் குறைந்தது அறுபது ரூபாய். கடைக்காரர் அதைத் தந்தவுடன் கணக்கு நேராகிவிட்டது. நான்கு பேர் முன்னால் ஒரு முதியவரின் பெயர் கெட்டதை அவனால் எண்ணிப் பார்க்க முடியாது. அதை அவனுக்குக் காட்டுவதுதான் இனி உங்கள் வேலை, அடித்தால் அது மறைந்துபோகும்.

இரண்டாவதாக, விடை தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது. கடதாசிகளைக் கையில் வைத்துக்கொண்டு "டொபி வாங்கினாயா?" என்று கேட்பது பொய்க்கு நாமே வாசலைத் திறந்துவிடுவதாகும். "டொபிக் கடதாசிகளைக் கண்டேன். நடந்ததை எனக்குச் சொல், பிறகு இரண்டு பேரும் என்ன செய்வது என்று பார்ப்போம்" என்று தொடங்கியிருந்தால் அந்த மூன்று பொய்களும் பிறந்திருக்காது. என்னுடைய வகுப்பில் அழிறப்பர் காணாமற்போகாத கிழமையே இல்லை. பணிக்கு வந்த புதிதில் நானும் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தவன்தான். பிறகு அதை விட்டுவிட்டு, பின்வரிசையில் ஒரு வெறும் சப்பாத்துப் பெட்டியை வைத்து, தவறுதலாகக் கைக்கு வந்த பொருளை அதில் போடலாம், யார் போட்டது என்று நான் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். காணாமற்போனவற்றில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குத் திரும்பி வந்தது. சில மாதங்கள் போனபின் சில பிள்ளைகள் பெட்டிக்குப் போகாமல் நேராக உரியவரிடமே கொடுக்கத் தொடங்கினார்கள்.

காந்தியடிகள் பதினைந்து வயதில் தமையனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தமையன் பட்ட கடனைத் தீர்க்க விற்றார். பிறகு மனம் பொறுக்காமல், செய்ததை ஒரு தாளில் எழுதி, தகுந்த தண்டனையையும் கேட்டு, நோயாளியாகக் கிடந்த தகப்பனிடம் நீட்டினார். தகப்பன் படித்தார், கண்ணீர் விட்டார், தாளைக் கிழித்தார். அந்தத் தகப்பன் அன்று கையை ஓங்கியிருந்தால் அடுத்த தடவை அந்தத் தாள் எழுதப்பட்டிருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நிலாவெளித் தந்தை

ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. என் தகப்பன் கரைவலை இழுத்து எங்களை வளர்த்தவர். களவும் பொய்யும் அவருக்கு ஆகாது, பிடிபட்டால் கையில் கிடைத்ததால் விழும். நான் இன்றைக்கு ஒருவருடைய சதத்துக்கும் ஆசைப்படாமல் தொழில் செய்கிறேன் என்றால் அந்த அடிதான் காரணம். இப்போதுள்ள பிள்ளைகளோடு பேசிப் பேசியே காலம் போகிறது. அவர்கள் ஒரு மன்னிப்புச் சொல்லை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த பிழைக்குப் போய்விடுகிறார்கள். பொறுப்பு என்பது வலிக்காமல் வராது.

மூதூர் முன்பள்ளி ஆசிரியை

நிலாவெளி அண்ணாவின் கடைசி வசனத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. பிழை செய்த பிள்ளைக்கு வலிக்கத்தான் வேண்டும். எந்த வலி என்பதுதான் கேள்வி. பெரியவர் ஒருவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்ற வலி ஒன்று; பிரம்பு பட்ட வலி இன்னொன்று. இரண்டாவது வலி வந்தவுடன் பிள்ளை முதலாவதை மறந்துவிடுகிறது. "அம்மா அடித்தா" என்பதுதான் அதன் மனதில் மிஞ்சுகிறது, "நான் ஏமாற்றினேன்" என்பது அதற்குள் புதைந்துபோகிறது.

விக்டோரியா தல்வார், காங் லீ என்னும் இரண்டு ஆய்வாளர்கள் மேற்கு ஆபிரிக்காவில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. ஒரு பாடசாலையில் சிறு பிழைக்கும் தடியடி. மற்றதில் கண்டிப்பு மட்டும். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிப் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்துவிட்டு வெளியே போனால், இரண்டு இடத்துப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அடி விழும் பாடசாலையின் பிள்ளைகளே அதை மறைத்துப் பொய் சொன்னவர்களில் அதிகம். பொய்யைக் குட்டு வெளிப்படாமல் காப்பாற்றுவதிலும் அவர்களே கெட்டிக்காரர். மூன்று வயதிலேயே அந்தப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. நம் இலங்கையில் பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது; வீட்டுக்குள் அந்தச் சுற்றறிக்கை வராது, நாம்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல விரும்புகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் பொய்யை முதலில் கேட்பது நம்முடைய வாயிலிருந்துதான். கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது "ஊசி இல்லை, டொக்டர் மாமா சும்மா பார்ப்பார்" என்கிறோம். சீட்டுக் காசு கேட்டு வருபவரிடம் "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையையே அனுப்புகிறோம். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கத்து அறையில் கிண்ணம் நிறைய இனிப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பிறகு பார்க்கக் கூடாத ஒரு பொருளோடு தனியே விட்டார்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகளில், ஏமாற்றப்படாதவர்களுள் ஏறத்தாழ 60 வீதமானோர் எட்டிப் பார்த்தார்கள். ஏமாற்றப்பட்டவர்களில் அது 80 வீதத்தை நெருங்கியது. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னவர்களும் ஏமாற்றப்பட்டவர்களிடையே மிகவும் அதிகம். இதைப் படித்த பிறகு ஊசி நாளில் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: "கொஞ்சம் நோகும், நான் கையைப் பிடித்திருப்பேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை அழும். ஆனால் உங்கள் சொல்லை அடுத்த தடவையும் நம்பும்.

நீதிமன்ற வீதி வாசகர்

சுருக்கமாக ஒன்று. தண்டனைச் சட்டக்கோவையின்படி முன்பு எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தோடு அந்த எல்லை பன்னிரண்டு வயதுக்கு உயர்ந்துவிட்டது. நாட்டின் சட்டமே ஏழு வயதுப் பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்லாதபோது, வீட்டில் அவனைக் "கள்ளன்" என்று கூப்பிட வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம். களவு செய்தாய் என்பது வேறு, கள்ளன் என்பது வேறு. முதலாவதைத் திருத்தலாம், இரண்டாவது பெயராக ஒட்டிக்கொள்ளும்.

கிண்ணியாக் கடைக்காரர்

தங்கச்சி, உங்கள் கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் இருபது வருடமாகக் கடை நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன். அந்தப் பெரியவர் ஏன் வாய் திறக்கவில்லை என்றால், திறந்திருந்தால் நான்கு பேர் முன்னால் உங்கள் மகன் களவு செய்தவனாக நின்றிருப்பான். தன் பெயரை விட்டுக்கொடுத்துப் பிள்ளையின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். அறுபது ரூபாயை அவர் உங்களிடம் தோற்கவில்லை, அமானிதமாக, நம்பி ஒப்படைத்த பொருளாக, தந்து வைத்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் உண்மையைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவீர்கள் என்று அவர் காத்திருக்கக்கூடும். ஆகவே கணக்கைப் பிரித்துப் பாருங்கள். டொபிக்குப் போன காசு உங்களுடையது. மகன் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறான். பணப்பையில் இருக்கும் காசும் கெட்டுப்போன பெயரும் அவருடையவை. அந்தப் பெயரைக் கெடுத்தது மகனின் பொய் மட்டுமல்ல, தங்கச்சி; விசாரிக்காமல் சொன்ன உங்கள் வார்த்தையும் சேர்ந்துதான்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன்பு நாங்கள் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் திருகோணமலைப் பக்கம் போக வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும். வாப்பா என்னை டவுனுக்குக் கூட்டிப்போய், ஒரு கடையில் சாமான் வாங்கும் பொறுப்பைத் தந்தார். திரும்பி வந்து கரையில் இறங்கிக் காசை எண்ணினால் இருபது ரூபாய் கூட இருந்தது. நான் சந்தோசப்பட்டேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் விடிய என்னை எழுப்பி, திரும்பவும் பாதையில் ஏற்றி, அந்தக் கடைக்குக் கொண்டுபோனார். கடை வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "நீ போய்ச் சொல்லு" என்றார். எனக்குக் கால் நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன், வாப்பா அங்கேயே நின்றார், கிட்ட வரவுமில்லை, போகவுமில்லை. அந்தப் பத்தடி தூரத்தைத்தான் நான் இன்றைக்கும் என் பிள்ளைகளோடு அளந்து பார்க்கிறேன். கூடவே போய் நாமே பேசிவிட்டால் பொறுப்பு நம்முடையதாகிவிடும். தனியே அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் பிள்ளை பயத்தில் ஓடிவிடும்.

ஆகவே என் யோசனை இது. நீங்கள் குற்றம் சாட்டியது ஆட்கள் முன்னால். உங்கள் மன்னிப்பும் ஆட்கள் முன்னால் இருக்கட்டும். மகன் சொல்ல வேண்டியதை ஆட்கள் போன பிறகு அவன் அவரிடம் சொல்லட்டும்.

உவர்மலைத் தாய்

கிண்ணியா நானா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நானும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மகன் எனக்குத் தர வேண்டிய அறுபது ரூபாயை எப்படித் திருப்பித் தருவது? முற்றம் கூட்டினால் பத்து ரூபாய் என்று கணக்குப் போடலாமா என்று கணவர் கேட்கிறார்.

மூதூர் முன்பள்ளி ஆசிரியை

அதை மட்டும் செய்யாதீர்கள் அக்கா. முற்றம் கூட்டுவது அந்த வீட்டில் இருப்பவனின் பங்கு. அதற்கு விலை போட்டால், காசு தேவையில்லாத நாளில் தும்புத்தடியைத் தொடமாட்டான். அவனிடம் சொந்தமாக ஏதாவது சேமிப்பு இருந்தால் அதிலிருந்து எடுக்கட்டும்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

நானும் அதையே சொல்வேன். போவதற்கு முன் கதை சொல்ல நினைத்தால் கதையையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். நாம் உடனே எடுப்பது "புலி வருகிறது" என்று பொய் சொன்ன இடையனின் கதையைத்தான். காங் லீயும் தல்வாரும் சேர்ந்த குழுவொன்று 2014இல் வெளியிட்ட ஆய்வில், பொய்யனுக்குக் கேடு வரும் இத்தகைய கதையைக் கேட்ட மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள், கேட்காதவர்களைவிடக் குறைவாகப் பொய் சொல்லவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தகப்பனிடம் பாராட்டுப் பெற்ற சிறுவன் ஜோர்ஜ் வாசிங்ரனின் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி) கதையைக் கேட்டவர்களே உண்மையைக் கூடுதலாகச் சொன்னார்கள். அந்த முடிவை மாற்றி, பொய் சொல்லித் தண்டனை பெற்றதாகச் சொன்னபோது பலன் இல்லாமற்போனது. அரிச்சந்திரன் கூத்தை நான் உயிராக நேசிப்பவன், மயான காண்டத்தில் இப்போதும் கண் கலங்குவேன். ஆனால் உண்மை சொன்னால் மனைவியும் பிள்ளையும் சுடலைக்குப் போக நேரும் என்ற கதை ஏழு வயதுக்கு ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை.

நிலாவெளித் தந்தை

நேற்றிலிருந்து இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் எழுதியதில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

எனக்கு எட்டு வயதில் தகப்பன் இரவுத் தொழிலுக்குக் கொண்டுபோகும் டோர்ச் லைற்றைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டேன். யார் என்று கேட்டபோது அண்ணனைக் காட்டினேன். அன்றைக்கு அண்ணனுக்கு விழுந்த அடியை மாமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடிக்குப் பயந்துதான் சொன்னேன், வேறு காரணம் இல்லை. தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் இருக்கிறார், கிழமைக்கு இரண்டு தடவை பேசுகிறோம். இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

உவர்மலைத் தாய்

நேற்றுப் பின்னேரம் போய்வந்தோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

போவதற்கு முன் மகனை மடியில் வைத்துக்கொண்டு, "நீ உண்மையைச் சொன்ன நேரம் நான் அடித்துவிட்டேன். அது அம்மாவின் பிழை" என்றேன். பதில் சொல்லவில்லை, என் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தான். "அந்த ஐயா ஆட்களுக்கு முன்னால் எப்படி நின்றார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "கீழே பார்த்துக்கொண்டு காசு எண்ணினார்" என்றான். அவனும் அதைக் கண்டுதான் இருக்கிறான். பிறகு சித்திரைப் புத்தாண்டுக்குக் கிடைத்த கைவிசேடக் காசை வைத்திருக்கும் பால்மா டின்னை அவனே எடுத்துவந்து, அறுபது ரூபாயை எண்ணி என்னிடம் தந்தான். கடைசிப் பத்து ரூபாயைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.

பாண் வரும் நேரம் என்பதால் கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். "ஐயா, வெள்ளிக்கிழமை நான் சொன்னது பிழை. நீங்கள் மிச்சம் சரியாகத்தான் தந்திருக்கிறீர்கள், நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன்" என்று சொல்லி அவருடைய அறுபது ரூபாயை மேசையில் வைத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் தராசை நிறுத்திவிட்டு, "சத்தமாகச் சொல்லத் தேவையில்லை மகள், விளங்கிற்று" என்றார். ஆட்கள் போன பிறகு நான் மதிலோரம் தள்ளி நின்றேன், கிண்ணியா நானா சொன்ன பத்தடி. மகன் மேசைக்குக் கிட்டப் போய், "டொபி வாங்கினது நான். உங்களைச் சொல்லிவிட்டேன்" என்றான். அவர் குனிந்து, "எனக்குத் தெரியும். நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

கணவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பிள்ளை இலகுவாகத் தப்பிவிட்டான் என்கிறார். நான் அவரோடு வாதாடவில்லை. அடுத்த தடவை நீங்கள் மதிலோரம் வந்து நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்குக் காலை தேயிலை வாங்க அவனைத் திரும்பவும் தனியே அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் படலையடியில் நின்றது உண்மை. வந்தவன் காசை மேசையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு டொபியையும் வைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. "சில்லறை இல்லை என்று பத்து ரூபாய்க்கு ஐயா தந்தவர்" என்றான். பிறகு, "இது உங்களுடையதா, என்னுடையதா?" என்று கேட்டான். தேயிலைக் காசு என்னுடையது என்பதால் டொபியும் என்னுடையதுதான் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் காலைக் கழுவப் போனான்.